அழுகை கேட்கும் தூரம்

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில், பன்னிரண்டாவது மாடியில், மகளின் அடுக்களையில் தேங்காய்ப்பால் காய்ந்துகொண்டிருந்தது. பேத்திக்குத் தேய்க்க உருக்கு வெளிச்செண்ணெய். கடையில் குப்பியில் அடைத்தே கிடைக்கிறதுதான். ஆனாலும் முற்றிய தேங்காயைத் துருவிப் பால் பிழிந்து, உருளியில் ஊற்றிச் சிறுதீயில் கிண்டிக்கொண்டே இருந்தால், பால் திரிந்து, எண்ணெய் தெளிந்து, அடியில் கசடு பழுப்பேறும் நேரத்தில் ஒரு வாசம் எழும். அந்தக் கசடில் சர்க்கரை போட்டுத் தின்னப் பிள்ளைகள் அடுப்படியில் காத்து நிற்பார்கள். வாசம் மூக்கில் ஏறியதும் கரண்டி கையில் இருக்க, மனசு வலியசாலைக்குப் போய்விட்டது.

நான் நாகர்கோவிலில் பிறந்து வலியசாலையில் வாழ்க்கைப்பட்டவள். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரும்வரை நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. எல்லை பிரிந்த பிறகும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. சாலைக் கடைத்தெருவில் தமிழ் வியாபாரிகள், கரமனையிலும் வலியசாலையிலும் தமிழ்க் குடும்பங்கள், நடுநடுவே மலையாள வீடுகள். எங்கள் தெருவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் அம்மி அரைத்தால் அந்தப் பக்கம் என்ன குழம்பு என்று தெரியும். பிள்ளை அழுதால் கேட்கவே வேண்டாம்.

என் மகள் பிறந்தது இடவப்பாதி மழை வலுத்த நேரம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் அம்மா அப்போது நோயில் கிடந்தாள். அதனால் பேறு தைக்காட்டு ஆஸ்பத்திரியில் நடந்தது, மற்ற பராமரிப்பெல்லாம் மாமியார் வீட்டில். அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி அத்தைக்குத் தனிப் பெருமை. டாக்டர் மேரி பூனன் லூக்கோஸ் லண்டனிலிருந்து திரும்பி 1916-ல் பொறுப்பேற்ற இடம் அது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைப்பேறு பார்த்துவந்த வயற்றாட்டிகளின் பெண்மக்களைத் தேடி அழைத்து, அவர்களுக்கு மருத்துவச்சிப் பயிற்சி கொடுத்தவர் அவர். கேரளத்தின் முதல் சிசேரியனை 1920-ல் அவர்தான் செய்தார். 1938-ல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். இந்தியாவில் அந்தப் பதவியைத் தொட்ட முதல் பெண். கைப்பழக்கம் உள்ளவர்களை ஒதுக்கித் தள்ளாமல் அவர்கள் வீட்டுப் பெண்களையே படிக்க வைத்தார் என்பதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 2023-ஆம் ஆண்டுக் கணக்கில், இந்தியா முழுவதும் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் முதல் வயது முடிவதற்குள் 25 பேரை இழக்கிறோம். கேரளத்தில் அது 5. இந்த எண்ணுக்குப் பின்னால் அந்த அம்மாவைப் போன்றவர்களின் உழைப்பு இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாளே குளிப்பாட்டும் விஷயத்தில் தகராறு வந்தது. அத்தை நாஞ்சில் நாட்டுக்காரி. முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, கணைக்காலின் மேல் பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்ட வேண்டும் என்பது அவள் கட்சி. பக்கத்து வீட்டு மலையாள அம்மூம்மா ஒரு பெரிய கமுகம்பாளையைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்துவிட்டாள். பிள்ளையைப் பாளையில் கிடத்தினால் வழுக்காது, கழுத்துக்கு இதமாக இருக்கும் என்பது அவள் கட்சி. கடைசியில் ஒரு நாள் காலிலும் மறுநாள் பாளையிலுமாகக் குளியல் நடந்தது. எண்ணெய் அம்மூம்மா உருக்கியது, பாசிப்பயறு மாவு அத்தை அரைத்தது. குளித்து முடித்துச் சாம்பிராணிப் புகை காட்டியதும் பிள்ளை மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கும். அந்த மூன்று மணி நேரத்தில்தான் நான் சாப்பிட்டேன், குளித்தேன், தலை சாய்த்தேன்.

பேர் வைப்பதிலும் இரண்டு முறைமை. அத்தை தொட்டில் போடும் சடங்கை முடித்துவிட்டாள். அம்மூம்மா விடவில்லை, இருபத்தெட்டாம் நாள் இடுப்பில் கறுப்புச் சரடு கட்டியே ஆகவேண்டும் என்றாள். அன்று மாமனார் குழந்தையின் ஒரு காதை வெற்றிலையால் மூடி, மறு காதில் மூன்று தரம் பேரைச் சொன்னார். கோபக்காரரான அந்த மனுஷனின் குரல் அவ்வளவு மெதுவாக வரும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

அந்த வருஷ மழையை மறக்க முடியாது. ‘டயாபர்’ என்ற சொல்லே எங்கள் தெருவில் அப்போது புழங்கவில்லை. பழைய வேட்டியைக் கிழித்து, சதுரம் சதுரமாக மடித்து வைத்த துணிகள்தான். ஒரு நாளைக்கு எத்தனை நனையும் என்பதற்குக் கணக்கே கிடையாது. கொடியில் போட்டது கொடியிலேயே ஈரமாகக் கிடக்கும். மூங்கில் கூடையைக் கவிழ்த்து, உள்ளே கனல் சட்டி வைத்து, மேலே துணிகளை விரித்துக் காயவைப்போம். வீடெல்லாம் புகை. பிள்ளையின் மேலெல்லாம் புகை வாசம். துணி போதாமல் போன ஒரு நாள் எதிர்வீட்டு மாமி, தன் மகனுடைய கல்யாண வேட்டியை எடுத்து வந்து, என் கண் முன்னாலேயே நான்காகக் கிழித்துக் கொடுத்தாள். நல்ல மல் வேட்டி.

என் கணவர் பெரியவர்கள் முன்னால் பிள்ளையைத் தூக்கமாட்டார். அன்றைக்கு ஆண்களுக்கு அப்படி ஒரு கூச்சம் விதிக்கப்பட்டிருந்தது. ஆபீஸிலிருந்து வந்ததும் தொட்டில் பக்கம் ஒரு பார்வை, அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் படுத்த பிறகு, பிள்ளை சிணுங்கினால், அவர்தான் முதலில் எழுவார். தோளில் போட்டுக்கொண்டு திண்ணையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். இருட்டில் அவர் நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே நான் தூங்கிப்போவேன். இப்போது மருமகன் எல்லோர் முன்னிலும் டயாபர் மாற்றுகிறார், ஏப்பம் வரும்வரை முதுகைத் தட்டுகிறார். பார்க்க மனசு நிறைகிறது. மத்திய அரசு ஊழியராக இருந்தால் தகப்பனுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் கம்பெனிக்காரருக்கு அப்படிக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. என் மருமகன் தன் சம்பள லீவைக் கரைத்துத்தான் அந்த நாட்களில் வீட்டில் இருந்தார்.

சந்தோஷத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதிக் கதை.

மகள் பிறந்து ஒரு மாதம் ஆனபோது எனக்குள் ஏதோ அணைந்துவிட்டது. பிள்ளை அழுதால் எழுவேன், பால் கொடுப்பேன், துணி மாற்றுவேன். எல்லாம் கை செய்தது. மனசு எங்கோ கிடந்தது. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பின்கட்டுக் கிணற்றடியில் துணி அலசப் போனால் காரணமில்லாமல் கண்ணீர் வரும். அத்தை திருஷ்டி என்று நினைத்து உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். லேகியத்தில் கருப்பட்டி கூடுதலாகப் போட்டாள். அவளுக்குத் தெரிந்த அன்பு அது.

அம்மூம்மா ஒரு மத்தியானம் கிணற்றடிக்கு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். “குஞ்ஞினெ இங்ஙு தா மோளே. நீ போய் கிடந்நோ” என்றாள். ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. நாங்கள் எத்தனை பெற்றோம், நாங்கள் அழுதோமா என்று சொல்லவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு போனவள் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்பக் கொண்டுவந்தாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். நடுவில் பால் கொடுக்க மட்டும் கொண்டுவருவாள். அந்த மத்தியானத் தூக்கங்கள்தான் என்னை மீட்டன. சில வாரங்களில் மனசு இளகியது. ஒரு நாள் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தபோது நானும் சிரித்தேன். அத்தை அதைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லோருக்கும் இப்படித் தானாகத் தெளிந்துவிடாது. குழந்தை பெற்ற பெண்களில் உலகம் முழுவதும் சுமார் 13 சதவீதம் பேர் மனநலக் கோளாறுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வளரும் நாடுகளில் கிட்டத்தட்ட 20 சதவீதம். முதல் இரண்டு வாரத்தில் அழுகை வந்து போவது சகஜம். அதைத் தாண்டி நீண்டால் வைத்தியம் தேவை. மகளின் வீட்டுக்கு வந்த ஆஷா ஊழியர், குழந்தையின் எடையைக் குறித்துக்கொண்ட கையோடு, “உறக்கம் வருதா? மனசுக்கு எப்படி இருக்கு?” என்று அவளையும் விசாரித்தார். கதவோரம் நின்று கேட்ட எனக்கு நெஞ்சு அடைத்தது. என் காலத்தில் ஆஸ்பத்திரிச் சீட்டில் அந்தக் கேள்வி இருந்ததில்லை. இன்று 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம். அந்த எண்ணை மகளின் குளிர்பதனப்பெட்டிக் கதவில் நானே எழுதி ஒட்டினேன்.

அம்மூம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முனகும் பாட்டு ‘ஓமனத்திங்கள் கிடாவோ’. அந்தத் தாலாட்டு பிறந்ததும் இந்த ஊரில்தான். 1813-ல் சுவாதித் திருநாள் பிறந்தபோது இரயிம்மன் தம்பி எழுதியது. ஆண் வாரிசுக்காக நாடே காத்திருந்த காலம். பிறந்ததுமே அரசன் என்று ஆகிவிட்ட குழந்தை அது. இருநூறு வருஷம் கடந்தும் கேரளத்தில் அந்தப் பாட்டைக் கேட்டுத் தூங்காத பிள்ளை குறைவு. ஆனால் அந்தக் குழந்தையின் தாயை யார் நினைக்கிறார்கள்? ராணி கௌரி லட்சுமி பாய், இருபதைக் கடந்த இளம்பெண், 1810 முதல் நாட்டையும் ஆண்டுகொண்டிருந்தவள். 1814-ல் அடுத்த மகன் உத்திரம் திருநாள் பிறந்த பிறகு உடம்பு தேறவில்லை, 1815-ல் போய்விட்டாள். நாட்டையும் பிள்ளைகளையும் தங்கை கௌரி பார்வதி பாய்தான் ஏற்றுக்கொண்டாள், 1829 வரை. அரண்மனையில் வைத்தியருக்கும் செவிலியருக்கும் என்ன குறை? அப்படியும் பிள்ளைகள் சிற்றன்னை கையில்தான் வளர்ந்தார்கள். அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பிள்ளையை விடவும் தாயின் நினைவுதான் முதலில் வருகிறது.

தைக்காட்டுப் பக்கம் போகும்போது இன்னொரு தாயின் நினைவும் வரும். அவளுக்குப் பேரும் முகமும் கிடையாது. கேரள மாநிலக் குழந்தைகள் நலக் குழு அங்கே 2002-ல் ‘அம்மத்தொட்டில்’ வைத்தது. வளர்க்க முடியாத குழந்தையை அந்தத் தொட்டிலில் விட்டுவிட்டுப் போகலாம். யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். உள்ளே மணி அடிக்கும், ஆயாமார் ஓடிவந்து எடுத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் 1992-லேயே சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு முறை புதுக் குழந்தை வரும்போதும் அதற்கு வைத்த பேர் மறுநாள் பத்திரிகையில் வரும். படித்துவிட்டு நான் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருப்பேன். விட்டுப் போனவளுக்கு ஒரு அம்மூம்மா இருந்திருந்தால் என்று தோன்றும்.

வளர்ப்பில் எவ்வளவோ மாறிவிட்டது. பெரும்பாலும் நல்லதற்குத்தான். அத்தை வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினாள், கண்ணுக்கு மை தீட்டினாள், தேன் வைத்தாள். இன்று குழந்தை வைத்தியர் மூன்றையும் கூடாது என்கிறார். ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்கிறார். எங்கள் நாளில் பால்பவுடர் டப்பாவில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரிக்கும். அதைப் பார்த்துப் பார்த்தே தங்கள் பால் போதாது என்று நினைத்துக்கொண்ட தாய்மார் எத்தனை பேர்! 1992-ல் வந்த சட்டம் அந்தப் படத்துக்கும் விளம்பரத்துக்கும் தடை போட்டது. எங்கள் அடுக்களையில் அந்தப் பழைய டப்பாக்கள் துவரம்பருப்பும் கடுகும் சுமந்துகொண்டு வெகுநாள் இருந்தன.

தடுப்பூசிக்குப் புதன்கிழமை போவது மட்டும் மாறவில்லை. அன்று முத்தடுப்பூசி. இன்று ஐந்து நோய்க்குச் சேர்த்து ஒரே ஊசி; 2011 டிசம்பரில் இந்தியாவில் முதன்முதலாகக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும்தான் அது தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலைய வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தாய்மாரின் பேச்சைக் கேட்க எனக்கு இன்றும் ஆசை. ராத்திரி யார் யார் தூங்கவில்லை, யாருக்குப் பால் கட்டிக்கொண்டது, யார் வீட்டில் மாமியார் முணுமுணுத்தாள், எல்லாம் அங்கே வெளியே வரும். முதல் ஊசிக்கு ஒரு குழந்தை வீறிட்டால் வரிசை முழுக்க அழும். தாய்மாரும் சேர்ந்து கண் கலங்குவார்கள், உடனே சிரிப்பார்கள். அப்படி ஒரு புதன்கிழமை, முன்பின் தெரியாத ஒரு பெண் மகளிடம் அமிர்தம் பொடியைக் குறுக்கும் பக்குவம் சொன்னாள். கோதுமையும் கடலையும் சோயாவும் சேர்த்துக் குடும்பஸ்ரீப் பெண்கள் தயாரிக்கும் சத்துமாவு. அங்கன்வாடியில் ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். நான் கூவரகும், குன்னன் காயை உலர்த்தி இடித்த பொடியும் கருப்பட்டியில் குறுக்கிக் கொடுத்துத்தான் மகளை வளர்த்தேன். பேத்திக்கு இப்போது ஒரு நாள் அது, ஒரு நாள் இது.

2023-ல் அன்றைய திருவனந்தபுரம் மேயர் ஆர்யா ராஜேந்திரன் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கோப்பு பார்க்கும் படம் ஊரெல்லாம் பரவியது. புகழ்ந்தவர்களும் உண்டு, ஆபீஸுக்குப் பிள்ளையைக் கொண்டுவரலாமா என்று கேட்டவர்களும் உண்டு. எனக்கு அந்தப் படம் பிடித்திருந்தது. சாலைக் கடைத்தெருவில் கீரை விற்கும் பெண்கள் கூடைக்குப் பின்னால் சாக்கு விரித்துப் பிள்ளையைத் தூங்கப் போட்டதை நான் எத்தனையோ வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் படம் எடுத்ததில்லை, விவாதித்ததும் இல்லை. சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்பு 2017-ல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. என் மகளுக்கு அது கிடைத்தது. கீரைக்காரிக்கு விடுப்பு கொடுக்க முதலாளி ஏது? அவளுக்குத் துணை பக்கத்துக் கடைக்காரிதான்.

ஆற்றுகால் பொங்காலை நாள் ஒன்று ஞாபகம் வருகிறது. கும்ப மாத வெயில். கிழக்கேகோட்டைத் தெருவில் மூன்று செங்கல் வைத்து அடுப்புக் கூட்டிக் காத்திருந்தோம். மகள் இடுப்பில். அடுப்புவெட்டு முடிந்து தெரு முழுக்கத் தீ மூண்டதும் புகை சூழ்ந்தது, பிள்ளை கதறினாள். பக்கத்து அடுப்பில் இருந்தவள் கொல்லத்திலிருந்து வந்தவள். தன் பானையைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு, என் பிள்ளையை வாங்கி முந்தானையால் முகத்தை மூடி, எதிரே ஒரு வீட்டு வராந்தாவுக்குள் போய்விட்டாள். என் பானை பொங்கி, நைவேத்தியம் ஆனபின் போய்ப் பார்த்தால், அந்த வீட்டுக்காரியும் கொல்லத்துக்காரியும் நடுவில் பிள்ளையைக் கிடத்தி விசிறிக்கொண்டிருக்கிறார்கள். மூவரும் அதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. 2009-ல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் புத்தகத்தில் ஏறிய திருவிழா அது. எனக்கு அந்த இரண்டு பெண்கள் போதும்.

கழக்கூட்டத்து மாடி வீட்டில் எல்லா வசதியும் இருக்கிறது. வெந்நீர் குழாயில் வருகிறது, துணி இயந்திரத்தில் காய்ந்து வருகிறது. முதல் மாதம் பிரசவ சுஷ்ரூஷைக்கு என்று சம்பளத்துக்கு ஒரு சேச்சியும் வந்துபோனாள். கைநேர்த்திக்காரி, பிரியமாகத்தான் பார்த்துக்கொண்டாள். மாதம் முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். கண்ணாடி ஜன்னலைச் சாத்தினால் வெளிச்சத்தம் உள்ளே வராது. உள்ளே பிள்ளை அழுவதும் வெளியே போகாது. நான் நாகர்கோவில் போயிருந்த ஒரு வாரம், மருமகனும் வெளியூரில், பேத்தி ராத்திரி முழுக்க அழுதிருக்கிறாள். “பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே மக்களே” என்றேன். “யாரைம்மா? எனக்கு இந்த மாடியில் யாரையும் தெரியாது” என்றாள்.

மறுநாள் சாயங்காலம் நான் வாசல் கதவை அகலத் திறந்துவைத்து, நடைபாதையில் ஒரு பாயை விரித்து, பேத்தியைக் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தேன். மகளுக்குக் கொஞ்சம் சங்கடம். அடுத்த நாளும் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் எதிர்க்கதவு திறந்தது. தூக்கமில்லாத கண்களோடு ஒரு பெண், புவனேஸ்வரத்துக்காரி. இடுப்பில் பேத்தியை விடச் சின்னதாக ஒரு பையன். இத்தனை மாதமாக ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு பெண்கள் தனித்தனியாக விழித்திருந்திருக்கிறார்கள். அவளுக்கு மலையாளமும் தெரியாது, தமிழும் தெரியாது. நான் கையை நீட்டினேன். பையனைக் கொடுத்துவிட்டாள்.

இப்போது சாயங்காலம் இரண்டு கதவும் திறந்திருக்கின்றன. ஒருத்தி குளிக்கப் போனால் மற்றவள் இரண்டையும் பார்த்துக்கொள்கிறாள். கீழ் மாடியிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரும் வந்து உட்காருகிறார்.

உங்கள் தெருவிலோ மாடியிலோ கைக்குழந்தை இருக்கும் வீடு ஒன்று இருக்கும். பரிசு வாங்கிக்கொண்டு போகவேண்டாம், புத்திமதியும் சொல்லவேண்டாம். கையைக் கழுவிக்கொண்டு போய், பிள்ளையை ஒரு மணி நேரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தாய் தூங்கட்டும்.